சாமிக்கு ஒன்று, சாருக்கு ஒன்று

ஒன்றியக் குழுத் தலைவர் டெய்சியைப் பதவியிலிருந்து இறக்குவது என்று முடிவானதும், அவர்கள் முதலில் தேடியது காரணத்தை அல்ல, கையெழுத்து அழகாக இருக்கிற ஆளை. அதனால்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

நான் பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள். பேச வராது, எழுத வரும். ஊரில் முதியோர் பென்ஷனா, பட்டாவா, ரேஷன் கார்டில் பெயர் நீக்கமா, எல்லா மனுவும் என்னிடம்தான் வரும். எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன். கையெழுத்தைவிட அந்தக் குணம்தான் அவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது.

எங்கள் அப்பா பச்சமுத்துவை ஊரே 'கவுன்சிலர்' என்று கூப்பிடும். தேர்தலில் நின்றது, ஜெயித்தது, உறுதிமொழி வாசித்தது எல்லாம் அம்மா காசியம்மாள். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. போஸ்டரில் அம்மாவின் படம் ஸ்டாம்பு அளவிலும் அப்பாவின் படம் சாப்பாட்டுத் தட்டு அளவிலும் இருந்தன. ஜெயித்த மறுநாள் காலையில் அம்மா டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு செராமிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அப்பா புது வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அன்றிலிருந்து கவுன்சிலர் அவர்தான்.

கூட்டத்துக்கும் அவரே போனார். எங்கள் ஒன்றியத்தில் இருபது உறுப்பினர்கள். அதில் ஏழு பேர் பெண்கள். அந்த ஏழு நாற்காலிகளிலும் ஏழு புருஷன்மார்கள் உட்கார்ந்து ஒரு வருஷம் நாட்டை ஆண்டார்கள். வீட்டுக்கு வந்து நோட்டை நீட்டுவார்கள், பெண்கள் கையெழுத்துப் போடுவார்கள். டெய்சியையும் கட்சி அப்படி நினைத்துத்தான் தலைவராக்கியது. பால்வாடி டீச்சராக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடுபவர், எதைக் கேட்டாலும் சிரிப்பவர். சிரிக்கிறவர் கையெழுத்தும் போடுவார் என்று கணக்குப் போட்டார்கள்.

ஒரு வருஷம் சிரித்தார். அடுத்த கூட்டத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டப் புத்தகத்தை எடுத்தார்.

"கூட்டத்துல உறுப்பினருங்க மட்டுந்தான் உக்காரணும்னு போட்டிருக்குது. வூட்டுக்காரங்க எல்லாம் கொஞ்சம் வெளியில இருங்க. செபாஸ்டியன், மொதல்ல நீங்க எழுந்திரிங்க."

செபாஸ்டியன் அவருடைய கணவர். அவர் எழுந்து போனதால் மற்றவர்களும் போக வேண்டியதாயிற்று. வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. ஏழு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டீ உள்ளே எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தது. ஆறிப்போயிருந்தது. டெய்சி செய்த குற்றம் இதுதான். இதற்கு மேல் எதுவும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு அம்மா கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தானே போனாள். அவளுக்கு வேலை, சூளைக்குப் போகும் முன் ஃபியூஸ் கட்டையின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைப்பது. தலையில் இருந்த வெள்ளைப் பொடியைக்கூடத் தட்டாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தவள், தன் வாழ்க்கையில் முதல்முறையாக மைக் இல்லாமலே பேசினாள். ஊருக்கெல்லாம் விளக்கு எரியக் கட்டை செய்கிற பொம்பளைகள் வேலை விட்டு வரும் ரோட்டில் ஒரு விளக்குகூட இல்லை என்றாள். கம்பெனி எல்லை முடிந்து எங்கள் காலனி வரும்வரை முள்ளுக்காடு. பொழுது சாய்ந்தால் கையைக் கோத்துக்கொண்டுதான் நடப்பார்கள். டெய்சி அதை எழுதிக்கொண்டு, "அடுத்த கூட்டத்துல தீர்மானமா வச்சிடலாம் காசியம்மா" என்றார்.

அம்மா அன்று வீட்டுக்கு வந்து, கேட்காமலே எனக்கும் அப்பாவுக்கும் இரண்டு இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள்.

அந்த அடுத்த கூட்டம் வருவதற்குள்தான் இவர்கள் வந்தார்கள்.

வந்தவர்களில் முக்கியமானவர் துணைத் தலைவர் பாலகிருஷ்ணன். டெய்சி இறங்கினால் நாற்காலி அவருக்கு. அவருக்கு நாற்பது சென்டிமீட்டரில் இருக்கிற எழுத்து தெரியாது, கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று கண்ணாடியும் போட மாட்டார். கூட வந்தவர் ஜெயராஜ், உறுப்பினர் ஆதிலட்சுமியின் வீட்டுக்காரர், வராந்தா பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்து இடம். அப்பாவையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே கட்சி. டெய்சியும் அதே கட்சிதான். எதிர்க்கட்சிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, அவர்கள் வேடிக்கை பார்க்க வெற்றிலை வாங்கி வைத்திருந்தார்கள்.

"இருபது பேருல பதினாறு பேரு கை தூக்குனாத்தான் எறக்க முடியும்," என்றார் பாலகிருஷ்ணன். "காசியம்மாளையும் சேத்து சரியா பதினாறு. ஒண்ணு கொறைஞ்சா ஊத்திக்கும். பாப்பா, எழுதும்மா."

நான் பெறுநர் ஆர்.டி.ஓ. என்று எழுதி, அனுப்புநரும் போட்டு, 'பொருள்' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்தேன்.

"மொதல் குற்றச்சாட்டு, மக்கள் விரோதப் போக்கு," என்றார் பாலகிருஷ்ணன்.

"அது என்னா போக்குண்ணே?" என்று ஜெயராஜ் கேட்டார்.

"அது கெடக்குது. எல்லா மனுவுலயும் மொதல்ல அதான் வரும். ரெண்டாவது, ஒன்றிய ஜீப்ப சொந்த வேலைக்குப் பயன்படுத்துனாங்க."

"ஜீப்பு ஏழு மாசமா ஷெட்டுல நிக்கிது தலைவரே. டயரே இல்ல," என்றார் அப்பா. பாலகிருஷ்ணனை அவர் அப்போதே தலைவரே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"டயரு இல்லாத ஜீப்ப சொந்த வேலைக்குப் பயன்படுத்துனாங்கன்னு போடு. அது இன்னும் பெரிய குத்தம்."

"சுதந்திர தினத்தன்னிக்கு கொடி தலைகீழா ஏறிச்சே, அதப் போடலாமா?"

"அத ஏத்துனது நாந்தான்யா. வுடு."

"டீ ஆறிப்போனது?"

"அது வேணும். பாப்பா, அத கொஞ்சம் இலக்கணமா எழுது."

'உபசரிப்பில் பாரபட்சம்' என்று எழுதினேன். மூன்று பேரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். படிக்கவில்லை, அழகு பார்த்தார்கள்.

அம்மா வேலை முடிந்து வந்தாள். அப்பா பேனாவை நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து போடு."

"என்னா பேப்பரு?"

"ஒனக்கு எதுக்கு அது?"

"படிச்சிட்டுப் போடுறன்."

பாலகிருஷ்ணன் சிரித்தார். அம்மா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் சிரிப்பு பாதியிலேயே தீர்ந்துபோனது.

"ஜீப்பு ஓடவே இல்லியே?" என்றாள் அம்மா. "அந்தம்மா எறங்கிட்டா கூட்டத்துல யாரு உக்காருவாங்க?"

"ஏன், நான் உக்காருவன்," என்றார் அப்பா.

"அப்ப என் வெளக்கு?"

"நான் பேசுறன் வெளக்க. ஒன்ன விட எனக்குப் பேசத் தெரியும்."

அம்மா பேனாவைத் தொடாமல் அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள். இரண்டு நாள் அப்பா வீட்டில் சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து பட்டினி என்று படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கட்சியின் மாவட்டச் செயலாளர் போனில் வந்தார். அவரை யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள், 'மாவட்டம்' என்பார்கள். அவரும் அப்படியே சொல்லிக்கொள்வார்.

"மாவட்டம் பேசுறன்மா. கட்சி ஒன்ன மறக்காது. கையெழுத்த போட்டுடு."

அம்மா போனை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அதை வைத்ததும் சொன்னார்: "நீ போடலன்னா நாளையிலேர்ந்து கம்பெனிக்கும் போவாத, கூட்டத்துக்கும் போவாத. வூட்டுலயே கெட."

அம்மா கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை மூட முடியாமல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பதினைந்து பேருடைய கையெழுத்துக்கு ஒரு மணி நேரம்தான் பிடித்தது. ஒருவர் டூவீலரை நிறுத்தாமலே போட்டார்.

பதினாறு கையெழுத்தும் சேர்ந்த பிறகுதான் அவர்களுக்குப் பயம் வந்தது. டெய்சியைப் பார்த்து அல்ல, ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு. ஓட்டுப் போடும் அன்று எவனாவது கை தூக்காமல் இருந்துவிட்டால்? புதுச்சேரி லாட்ஜில் பதினாறு பேரையும் அடைத்து வைக்கலாம் என்றார் ஜெயராஜ். பெண்களை எப்படி அடைப்பது, அவர்களோடு புருஷன்மார்களும் வருவார்களே என்று அது கைவிடப்பட்டது.

"கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிடுவோம்," என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் திருட்டு, ஏமாற்று, வாய்க்கால் தகராறு எதுவானாலும் போலீசுக்கு எழுதுவதுபோல் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கும் எழுதுவார்கள். பெயர், ஊர், நடந்தது எல்லாம் ஒரு தாளில் எழுதி, சாமி காலில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதியில் இருக்கிற வேலில் கட்டிவிட வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வந்துவிடும். மனசு மாறினால் கட்டினவர்களே வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துத்தான் திரும்பப் பெறலாம். ஒன்று மட்டும் முக்கியம். பிராதில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். சாமிக்குப் பொய் எழுதினால் தீர்ப்பு எழுதினவன் பக்கமே திரும்பும்.

ஆகவே ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு பொய்த்தாள் எழுதின கையோடு, அதே பேனாவால் சாமிக்கு ஒரு உண்மைத்தாள் எழுத உட்கார்ந்தேன்.

அது நீண்டுபோனது. பொதுவாகச் சொல்லி முடித்துவிட்டுப் போனவர்கள், ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சாமியிடம் மறைக்கக் கூடாதல்லவா.

"பாப்பா, இன்னொரு வரி," என்றார் பாலகிருஷ்ணன், குரலைத் தாழ்த்தி. "நான் தலைவரானதும் துணைத் தலைவர் பதவிய ஒங்கம்மாவுக்குத் தரன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லியிருக்கறன். ஆதிலட்சுமிக்குத் தரன்னு ஜெயராஜுகிட்டயும் சொல்லிட்டன். ரெண்டு பேருல ஒருத்தருக்கு அது மறந்துபோவணும்னு எழுது."

ஜெயராஜ் வந்து, பாலகிருஷ்ணன் தன்னை ஏமாற்றினால் பாலகிருஷ்ணனுக்கும் கை விளங்காமல் போக வேண்டும் என்று எழுதச் சொன்னார். அப்பா கடைசியாக வந்தார். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார்.

"ஒங்கம்மா என்ன மதிக்கணும்னு போடு," என்றார். "போட்டியா? சரி, படிக்காத."

அந்தத் தாளிலும் பதினாறு கையெழுத்து வாங்கினார்கள். இதையும் யாரும் படிக்கவில்லை. அம்மா மட்டும் படித்தாள். "இது உண்ம," என்று சொல்லிவிட்டு உடனே போட்டாள்.

மறுநாள் நல்ல நாள் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டம். காலையில் சாமி, பதினோரு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ். சாமித்தாளின் நான்கு மூலையிலும் அப்பா மஞ்சள் தடவி வைத்தார். அதைப் பார்த்த ஜெயராஜ், நாமும் ஒரு நல்லது செய்வோம் என்று, ஆர்.டி.ஓ. தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, ஒன்றைப் பழுப்புக் கவரில் போட்டு, ஒன்றைப் பாலகிருஷ்ணனின் சட்டைப் பையில் வைத்தார். எந்தத் தாள் எங்கே போயிற்று என்று பார்க்கப் பிரித்துப் படிக்க வேண்டும். படிப்பது அங்கே ஒருவருக்கும் பழக்கமில்லை.

மனுவைக் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் நேரில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பாலகிருஷ்ணன் ஒருவர். "கூட ஒரு லேடீஸ் இருந்தா பாக்க நல்லாருக்கும்," என்று அம்மாவை அழைத்தார்கள். அம்மாவுக்குத் துணையாக நான். அப்பாவும் ஜெயராஜும் தங்கள் பதவிக்குக் காவலாக வந்தார்கள்.

கோயிலில் பாலகிருஷ்ணன் பையிலிருந்து தாளை எடுத்து, மஞ்சளைப் பார்த்துத் திருப்தியாகிக் கொடுத்தார். சாமி காலில் வைத்து விபூதியோடு திரும்பி வந்தது. இன்னும் சின்னதாக மடித்து, நூல் சுற்றி, வேலில் கட்டினார். மடிப்பின் மேல் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது.

சாமித்தாளில் நான் சிவப்புக் கோடு போடவே இல்லை. பிள்ளையார் சுழி மட்டும்தான்.

அம்மாவின் முந்தானையை இழுத்தேன். கண்ணால் காட்டினேன். அவள் வேலுக்குப் பக்கத்தில் போய்க் கும்பிடுவதுபோல் குனிந்து, "பொ... ரு... ள்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். நிமிர்ந்து, மூன்று ஆண்களையும் ஒரு முறை பார்த்தாள். மூவரும் கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேசாம வா," என்றாள்.

எனக்கு அது கஷ்டமான வேலை இல்லை.

அப்பாவும் ஜெயராஜும் வாசலில் நிற்க, உள்ளே ஆர்.டி.ஓ. கவரைப் பிரித்தார். முதல் வரியைப் படித்ததும் நிமிர்ந்து பாலகிருஷ்ணனைப் பார்த்தார். மறுபடி குனிந்து கடைசி வரை படித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆபீஸர்களுக்கு அதற்குத் தனியாகப் பயிற்சி உண்டு போலிருக்கிறது.

"இதுல இருக்கறது எல்லாம் உண்மையா?"

"சாமி சத்தியமா உண்மை சார்," என்றார் பாலகிருஷ்ணன். "ஒரு எழுத்து பொய் இருந்தா என் பேர மாத்திக்கிறன்."

"பதினாறு பேரும் படிச்சுட்டுத்தானே கையெழுத்து போட்டாங்க?"

"வரி வரியா படிச்சாங்க சார்."

"நீங்களும் ஒரு தடவை படிங்க. சத்தமா."

பாலகிருஷ்ணன் தாளை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார். அதற்கு மேல் கை இல்லை. பெருந்தன்மையாக அம்மா பக்கம் திரும்பினார். "நீ படிம்மா. லேடீஸ் படிக்கட்டும் சார்."

அம்மா விரலை வைத்தாள். அந்த அறையில் ஐந்து கிளார்க்குகள் இருந்தார்கள். எல்லோரும் எழுதுவதை நிறுத்தினார்கள்.

"அருள்மிகு... கொளஞ்சியப்பர்... திருவடிக்கு," என்று அம்மா ஆரம்பித்தாள். "கீழே கையெழுத்திட்டுள்ள பதினாறு பேர் எழுதிக்கொண்ட பிராது. தலைவர் டெய்சி, பெண் உறுப்பினர்களின் புருசன்மார்களை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார். வேறு குற்றம் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும்."

"நிறுத்தும்மா," என்றார் பாலகிருஷ்ணன்.

"முழுசா படிக்கட்டும்," என்றார் ஆர்.டி.ஓ.

அம்மா எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். ஆனால் ஒன்றையும் விடவில்லை. துணைத் தலைவர் பதவியை இரண்டு பேருக்குச் சொன்னதும், அதில் ஒருவருக்கு மறந்துபோக வேண்டியதும் வந்தபோது, வாசலுக்கு வெளியே ஜெயராஜின் குரல் கேட்டது: "அண்ணே!" அடுத்த வரியில் பாலகிருஷ்ணனுக்குக் கை விளங்காமல் போக வேண்டும் என்று வந்தது. உள்ளேயிருந்து பாலகிருஷ்ணன், "யோவ் ஜெயராஜு!" என்றார். 'என் மனைவி என்னை மதிக்க வேண்டும்' என்ற வரியை அம்மா இரண்டு முறை படித்தாள். முதல் தடவை சரியாகப் படிக்க வரவில்லை என்று பிறகு சொன்னாள். எனக்கு நம்பிக்கையில்லை.

ஆர்.டி.ஓ. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது வேற முகவரிக்கு எழுதினது. அவர் விசாரிக்க வேண்டியத நான் விசாரிக்க முடியாது. உங்க நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கான மனு எங்க?"

எங்கே என்பது பாலகிருஷ்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகம், சூளையில் வைக்காத கட்டை மாதிரி வெளுத்தது. வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அப்ப வேலுல கட்டுனது?"

"ஜீப்பு பேப்பரு," என்றாள் அம்மா.

தீர்மானம் அன்றோடு செத்தது. மறுபடி மனு எழுத ஜெயராஜ் வரவில்லை, அப்பாவையும் ஜெயராஜையும் ஒரே டீக்கடையில் உட்கார வைக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் கதை சேத்தியாத்தோப்பு வரை போய்விட்டது. மாவட்டம் போன் போட்டு, அப்படி ஒரு முயற்சி நடந்ததே தனக்குத் தெரியாது என்று அப்பாவிடமே சொன்னார்.

ஆனால் அவர்களை வாட்டியது அதுவல்ல. டயர் இல்லாத ஜீப் ஓடியதாகப் பதினாறு பேர் கையெழுத்துப் போட்ட பொய், கொளஞ்சியப்பரின் வேலில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தாவது நாள் பாலகிருஷ்ணன் டூவீலரில் சறுக்கி வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். கோழி குறுக்கே வந்தது என்றார்கள். யாரும் கோழியை நம்பவில்லை. ஜெயராஜுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. அப்பாவுக்குத் தோள்பட்டையில் பிடிப்பு, கையைத் தூக்கினால் கத்தினார். தொண்ணூறு நாளில் எத்தனை நாள் போயிற்று என்று காலண்டரைப் பார்த்துப் பார்த்துத் தேதித்தாள் நைந்துபோனது.

பயம் ஜெயராஜையும் திரும்ப அழைத்து வந்தது. மூன்று பேரும் மறுபடி எங்கள் வீட்டில். "ராஜினாமா எழுது பாப்பா. சீக்கிரம்."

எழுதினேன். பதினைந்து கையெழுத்து அன்றைக்கே விழுந்தது. பாலகிருஷ்ணன் இடது கையால் போட்டார். அம்மாவிடம் வந்தது. அம்மா படித்தாள்.

"ஜீப்பு பொய்யின்னு இதுல எழுதவே இல்லியே?"

"சாமிக்குத் தெரியாதா அது? எழுதணுமா?" என்றார் அப்பா.

"தெரியும்னுதான் எழுதச் சொல்றன். நான் போன திங்கக்கெழமயே போயி, நான் போட்டது பொய்க் கையெழுத்துன்னு ஒத்துக்கிட்டு, சூடம் ஏத்திட்டு வந்துட்டன். எனக்கு பயம் இல்ல. ஒங்களுக்குத்தான்."

"சரி, எழுதிக்க. கையெழுத்து?"

"மொதல்ல வெளக்கு வரட்டும்."

அப்பா இந்த முறை பட்டினி கிடக்கவில்லை. பரோட்டாவைப் பிய்க்கக் கை வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் தெருவிளக்குத் தீர்மானம் இருபது கைகளால் நிறைவேறியது. பாலகிருஷ்ணன் கட்டுப்போட்ட கையையும் சேர்த்துத் தூக்கினாராம். டெய்சி அதற்குப் போட்டோகிராபரை வரச் சொல்லியிருந்தார். அவரும் அரசியலில் ஒன்றரை வருஷம் ஆனவர்தானே. வருஷக்கணக்கில் ஆகும் வேலை, பிராது கட்டிய எழுபத்தெட்டாவது நாளில் முடிந்தது. இவ்வளவு பேருக்குக் கை வலித்தால் அரசாங்கம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

மாவட்டம் வந்து விளக்கைப் போட்டார். கட்சியில் கருத்து வேறுபாடு என்பது எதிரிகளின் கற்பனை என்று பேசினார். டெய்சி சால்வை போட, பாலகிருஷ்ணன் இடது கையால் வாங்கிக்கொண்டார். முதல் கம்பத்தில் ஒரு தகரப் பலகை. மேலே மாவட்டம், அடுத்து 'தலைவர் டெய்சியின் சீரிய முயற்சியால்', கீழே கடைசி வரியில் 'கவுன்சிலர் பச்சமுத்து'.

வேலை விட்டு வந்த பெண்கள் பலகையைப் பார்த்தார்கள். அம்மா பலகையைப் பார்க்கவில்லை, கம்பத்துப் பெட்டிக்குள் இருந்த ஃபியூஸ் கட்டையைப் பார்த்தாள். "நம்ம கம்பெனிதுதான்," என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். பிறகுதான் பலகையைப் படித்தாள். விரல் வைக்காமலே படித்தாள்.

"வெளக்கு வந்துடிச்சில்ல, இப்ப போடு," என்று அப்பா அங்கேயே ராஜினாமாவை நீட்டினார். எண்பத்து நான்காவது நாள்.

"பலகையில யாரு பேரு இருக்குதோ அவுங்களே போட்டுக்கட்டும்."

"அம்மாடி, அது சும்மா ஒரு பேருக்கு..."

"அதான். பேருக்குத்தான் சொல்றன்."

மறுநாள் அப்பா பெயின்ட் டப்பாவோடு கம்பத்தடியில் நின்றார். தன் பெயரைத் தானே ஒரு கையால் அழித்தார். புதுப் பெயரை நான் எழுதினேன். 'காசியம்மாள், ஒன்றியக் குழு உறுப்பினர்'. எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மாவட்டத்தின் பெயரைவிடப் பெரிதாக. யாரும் எதுவும் சொல்லவில்லை, இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ராஜினாமாவைப் புதிதாக எழுதச் சொன்னாள். "பழசு கசங்கிப்போச்சு," என்று அவர்களிடம் சொன்னாள். எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி சொன்னாள். பதினைந்து பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். வண்டியில் இருந்தவர் இந்த முறையும் வண்டியை நிறுத்தவில்லை. அம்மா பதினாறாவதாகப் போட்டாள். எண்பத்தொன்பதாம் நாள் மணவாளநல்லூரில் கொடுத்துவிட்டு வந்தோம். அப்பா வெளியே டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாலகிருஷ்ணனின் சுளுக்கு அடுத்த நான்கு நாளில் சரியாயிற்று. இரண்டரை மாதமாகக் கட்டிக்கொண்டிருந்த மாவுக்கட்டு சும்மாதான் இருந்தது என்று அவிழ்த்த டாக்டர் சொன்னாராம்.

கை வந்ததும் தைரியமும் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு, டெய்சியின் கணவர் செபாஸ்டியனைத் தவிர மற்ற ஆறு புருஷன்மார்களும் புது வேட்டியில் வந்து, பழைய நாற்காலிகளைப் பார்த்து நடந்தார்கள். டெய்சி கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மா எழுந்தாள்.

"இந்தாங்க, ராஜினாமாவுல என்னா எழுதிக் கையெழுத்து வாங்குனீங்கன்னு நெனப்பு இருக்குதா?"

"ஜீப்பு பொய்யின்னு," என்றார் அப்பா.

"அதுக்கு அடுத்த வரி?"

ஜெயராஜ் தன் கடைவாய்ப் பக்கத்தைத் தடவிக்கொண்டார்.

"'இனிமேல் கூட்டம் நடக்கும்போது புருசன்மார்கள் வராந்தாவிலேயே உட்காருவார்கள், மீறினால் தீர்ப்பைச் சாமியே சொல்லட்டும்.' இதான் அடுத்த வரி. சாமிகிட்ட இருக்குது, போயி பாத்துக்குங்க."

ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் படிக்க வேண்டுமே. முதலில் திரும்பி வெளியே வந்தவர் அப்பாதான், தோளைப் பிடித்துக்கொண்டு. பெஞ்சில் செபாஸ்டியனோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். உள்ளே எல்லோருக்கும் கொடுத்த பிறகு டீ வெளியே வந்தது.

"ஆறிப்போச்சு," என்றார் ஜெயராஜ்.

"குடிங்க, குடிங்க," என்றார் செபாஸ்டியன். அவர் இதற்குள் பழகியிருந்தார்.